பெரிய வண்டியில் டயர் வெடித்தால்: பணிமனைத் தரையிலிருந்து சில குறிப்புகள்

"நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று வெடித்துவிட்டது." டயர்ப் பணிமனையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றுவிட்ட எனக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். சொல்பவர் பொய் சொல்வதில்லை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தவருக்கு அது திடீர்தான். ஆனால் கிழிந்த டயரை ரிம்மிலிருந்து கழற்றிக் கவிழ்த்தால், பல நேரம் உள்ளிருந்து கறுப்புத் துகள் கொட்டுகிறது. அழிப்பானைத் தேய்த்தால் உதிர்வது போல இருக்கும். வெளியிலிருந்து வந்த தூசி அல்ல அது. டயரின் உட்சுவர் அரைபட்டு உதிர்ந்த ரப்பர். பக்கச்சுவரின் உட்புறத்தில் வட்டமாக ஒரு கருந்தடமும் ஓடும். காற்று குறைந்த நிலையிலேயே அந்த டயர் வெகுதூரம் ஓடியிருக்கிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஏழு பேருடன் கிளம்பிய ஒரு குடும்பத்தின் எஸ்யூவி ஒருமுறை மீட்பு வண்டியில் ஏறி எங்களிடம் வந்தது. பின் டயர் நார்நாராகக் கிழிந்திருந்தது. "மட்டமான டயரை மாட்டிவிட்டார்கள்" என்று உரிமையாளர் கொதித்துக்கொண்டிருந்தார். நான் கிழிந்ததை விட்டுவிட்டு, மற்ற மூன்றும் ஆறியபின் அவற்றில் காற்றை அளந்தேன். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த அட்டையில் 35 பிஎஸ்ஐ. டயர்களில் 26, 25, 27. வெடித்ததில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவர் அந்த எண்களைப் பார்த்தார், அதற்குப் பிறகு டயரைத் திட்டவில்லை.

காற்று குறைந்தால் டயர் ஏன் வெடிக்க வேண்டும், தட்டையாகத்தானே போக வேண்டும் என்று கேட்பார்கள். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். வளைகிற இடம் சுடும், பிறகு ஒடியும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அப்படித்தான் மடங்கி நிமிர்கிறது, நிமிடத்துக்குப் பல நூறு முறை. சூடு ஏறியதும் ரப்பருக்கும் உள்ளிருக்கும் இழைகளுக்கும் இடையிலான பிடிப்பு தளர்கிறது. வண்டி இரண்டரை டன், உள்ளே ஆட்கள், கூரைமேல் பெட்டிகள் என்றால் மடிப்பு இன்னும் ஆழமாக விழும். சிறிய காரில் மன்னிக்கப்படும் தவறு இங்கே மன்னிக்கப்படுவதில்லை.

டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் 112, 116 என்று ஓர் எண் இருக்கும். அது சுமைக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 116 என்றால் 1,250 கிலோ. அளவு ஒன்றாகவே இருந்து இந்த எண் மட்டும் குறைந்த டயர்கள் கிடைக்கின்றன, விலையும் குறைவாக இருக்கும். அதை வாங்கி மாட்டுபவர்களை நான் பார்க்கிறேன், வாதாடியும் இருக்கிறேன். சொன்ன சுமையைத் தாங்குவதும் உரிய அழுத்தத்தில் காற்று இருக்கும்போதுதான். காற்று இறங்கினால் அந்தத் திறனும் இறங்கும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே டயரின் மேற்பட்டை உரிந்து, குறிப்பாக ஃபோர்டு எக்ஸ்புளோரர் எஸ்யூவிகள் உருண்டன. 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தவறு டயரிலா, வண்டியிலா, ஃபோர்டு பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ அழுத்தத்திலா என்று இரு நிறுவனங்களும் பகிரங்கமாகச் சண்டையிட்டன. அந்த விவகாரத்தின் விளைவாக அங்கே வந்த சட்டத்தால்தான் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு புதிய கார்களில் கட்டாயமானது. அந்த விளக்கை முழுதாக நம்புபவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்க விதிப்படி அழுத்தம் 25 சதவீதம் குறைந்த பிறகு எரிந்தால் போதும். 35 இருக்க வேண்டிய டயரில் ஏறத்தாழ 26க்கு இறங்கும்வரை அது மௌனமாக இருக்கலாம். மேலே சொன்ன குடும்பத்தின் வண்டியிலும் விளக்கு எரியவில்லை.

கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ரேடியல் டயர் சரியான காற்றிலும் அடியில் சற்றுப் பிதுங்கித்தான் நிற்கும். காலால் உதைத்துப் பார்க்கிறவர்களுக்கு கால்தான் வலிக்கும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன்பே, டயர் குளிர்ந்திருக்கும்போது அளவுமானி வைத்து அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு; அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிடுவது பெரிய தவறு. டயரின் பக்கத்திலேயே பொறித்திருக்கும் அழுத்தம் அந்த டயர் தாங்கும் உச்சம். உங்கள் வண்டிக்கான அளவு கதவுச் சட்டத்தில் இருக்கிறது.

சரி, வெடித்துவிட்டது. இனி டயரைவிட உங்கள் கால்தான் ஆபத்து.

100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்குச் சுமார் 28 மீட்டர் ஓடுகிறது. சத்தம் கேட்டதும் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். பிரேக்கை அழுத்தினால் பாரமெல்லாம் முன்னால் சாய்கிறது. முன் டயர் போயிருந்தால், அந்தப் பக்கம் இன்னும் பலமாக இழுக்கும். பின் டயர் போயிருந்தால், ஏற்கெனவே பிடிப்பிழந்த பின்பகுதி மேலும் லேசாகி வீசி அடிக்கும். எஸ்யூவி உயரமானது. அது குறுக்காக வழுக்கத் தொடங்கி, டயரில்லாத ரிம்மின் விளிம்பு தரையைக் கவ்வினால், வண்டி அந்த இடத்தை அச்சாக வைத்துப் புரளும். வெடிப்பைத் தாங்கி நின்ற வண்டிகள் பிரேக்கில் உருண்டிருக்கின்றன.

ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து, வண்டியை அது போகும் நேர்கோட்டிலேயே வைத்திருங்கள். ஆக்சிலரேட்டரில் இருக்கும் காலை வெடுக்கென்று எடுக்க வேண்டாம். ஓரிரு நொடி அப்படியே வைத்து, வண்டி நேராக ஓடுகிறது என்று தெரிந்தபின் மெல்லத் தளர்த்துங்கள். முன் டயர் என்றால் ஸ்டீயரிங் கையில் இழுக்கும், எதிர்ப்பக்கம் சிறிதளவு திருத்தினால் போதும். பின் டயர் என்றால் இருக்கைக்குக் கீழே வண்டி ஆடுவது போல் தெரியும், அப்போது ஸ்டீயரிங்கில் வேலை இன்னும் குறைவு. பதறிப்போய் ஒரு பக்கம் பெரிதாகத் திருப்பி, அதைச் சரிசெய்ய மறுபக்கம் திருப்புவதுதான் கொல்கிறது. கிழிந்த டயரின் இழுவையே வேகத்தைக் குறைத்துவிடும். ஐம்பதுக்குக் கீழே வந்ததும், தேவைப்பட்டால் பிரேக்கை லேசாகத் தொட்டு ஓரம் ஒதுங்கலாம். ஒதுங்க இடமில்லை என்றால் தட்டையான டயரிலேயே ஊர்ந்து, பாதுகாப்பான இடம்வரை போங்கள். ரிம் கெடும். கெடட்டும், ரிம் நான் மாற்றித் தருவேன்.

இங்கே ஒரு வார்த்தை. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்குபவர்கள் அவற்றை முன்னால் மாட்டச் சொல்வார்கள். நான் பின்னால் மாட்டுவேன், அவர்கள் முகம் சுளிப்பார்கள். முன்பக்கம் பிடிப்பிழந்தால் வண்டி நேராக ஓடப் பார்க்கும். பழகாத ஓட்டுநரும் சமாளிக்க வாய்ப்புண்டு. பின்பக்கம் பிடிப்பிழந்தால் வண்டி சுழலும், அதைச் சமாளிப்பவர்கள் குறைவு.

நின்றபின் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, எல்லோரையும் போக்குவரத்து இல்லாத பக்கமாக இறக்கி, தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள். குழந்தைகள் உள்ளேயே இருக்கட்டும் என்பது இரக்கமல்ல. வாகனங்கள் உரசிக்கொண்டு போகும் பக்கத்தில் சக்கரம் என்றால் நீங்களே மாற்ற முயலாதீர்கள், உதவிக்கு அழையுங்கள். சரிவிலும் இளகிய மண்ணிலும் ஜாக்கி வைக்கக்கூடாது. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள். உடலின் எந்தப் பகுதியும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது.

பல பெரிய எஸ்யூவிகளில் ஸ்டெப்னி வண்டியின் வயிற்றுக்கு அடியில் தொங்குகிறது. அதை இறக்கும் கம்பிவடம் சேறும் தண்ணீரும் பட்டுத் துருப்பிடிக்கும். ஒருவருக்காக நான் அதை அறுத்து எடுத்திருக்கிறேன். இறங்கிய ஸ்டெப்னியின் பக்கத்தில் கடைசி நான்கு எண்களைப் பார்த்தேன்: 1109. 2009ஆம் ஆண்டின் 11ஆவது வாரத் தயாரிப்பு. அவர் வண்டி வாங்கியதிலிருந்து அது தரையைத் தொட்டதே இல்லை, தரையைப் பிடிக்கும் மேற்பட்டைப் பட்டன்கள் புத்தம் புதிது. ஆனால் பக்கச்சுவர் முழுக்க மெல்லிய வெடிப்புகள். ஓடாத டயரும் கிழடாகும். பத்து ஆண்டு தாண்டினால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றச் சொல்கிறார்கள் பல தயாரிப்பாளர்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஸ்டெப்னியை இறக்கி, காற்றைப் பார்த்து, ஏற்றுங்கள். பூட்டு நட்டு உள்ள சக்கரமானால் அதன் சாவி வண்டியில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டு அலமாரியில் இருப்பதாகச் சொல்பவர்கள் ஏராளம்.

ஸ்டெப்னி சிறிய அளவு என்றால் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகம்தான் எல்லை. எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் அதைப் போட்டு நெடுந்தூரம் ஓடினால், விட்டம் மாறுபட்ட சக்கரத்தால், சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி வீணாகலாம். சக்கரம் மாற்றிய 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். அந்த ஏழு பேர் குடும்பத்துக்காரர் மட்டும் சொன்னபடி மறுநாள் வந்தார். ஐந்து நட்டுகளில் இரண்டு, கால் திருகு ஏறின.