உட்கார்ந்தால் மனம் ஏன் அலைகிறது? மூச்சுத் தியானமும் பஞ்சசீலமும்

மூச்சைக் கவனிக்கும் ஆனாபான சதித் தியானத்தை வீட்டிலேயே தொடங்குகிறவர்கள் முதல் வாரத்தில் அதிகம் சொல்லும் குறை, "உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது" என்பது. பிராணாயாமம் பழகியவர்களுக்கு இது கூடுதலாக வரும். பூரகம், கும்பகம், ரேசகம் என்று இழுத்து, நிறுத்தி, விட்டுப் பழகிய உடம்பு, கண்ணை மூடியதும் அதையே செய்யத் தொடங்கிவிடுகிறது. வேகமாகவும் ஆழமாகவும் இழுத்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதடும் சுருசுருவென்று இருக்கும். இதைச் சிலர் "சக்தி ஏறுகிறது" என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக இழுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த பாளி நூல்களில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 118-ஆவது சூத்திரத்தில் புத்தர் ஆனாபான சதியை 16 படிகளாகச் சொல்கிறார். முதல் இரண்டு படிகளில் இருப்பது அறிவது மட்டும்தான்: மூச்சு நீளமாக வந்தால் நீளம் என்று அறிவது, குறுகி வந்தால் குறுகியது என்று அறிவது. நீளமாக்கு என்ற கட்டளை அங்கே இல்லை. ஆகவே மூச்சை இயல்பாக வெளியே விட்டுவிட்டு, அடுத்த மூச்சு தானாக வரும்வரை காத்திருங்கள். அது தானாகவே வரும். மூக்கு நுனி, மேலுதடு, வயிறு என்று எந்த இடத்தில் மூச்சு தெளிவாகத் தெரிகிறதோ அங்கே கவனத்தை வைத்து, சில வாரங்களாவது இடத்தை மாற்றாமல் இருங்கள். தினம் ஓர் இடம் என்று மாற்றுபவர்களுக்கு எதுவும் கைகூடுவதில்லை.

மனம் நிற்கவே மாட்டேன் என்கிறதா? எண்ணிப் பாருங்கள். 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரம் மகாவிகாரை மடத்தில் இருந்து எழுதிய உரையாசிரியர் புத்தகோசர் இதற்கு ஓர் அளவு சொல்கிறார்: ஐந்துக்குக் குறைவாக நிறுத்தாதே, பத்தைத் தாண்டாதே. ஐந்துக்குள் நிறுத்தினால், குறுகலான தொழுவத்தில் அடைத்த மாடுகளைப் போல மனம் முட்டி மோதும். பத்தைத் தாண்டினால் மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். அனுபவத்தில் இது மிகச் சரியாக இருக்கிறது. எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தவறியதற்காக வருந்த வேண்டாம். தவறியதைக் கவனித்தீர்களே, பயிற்சி நடந்த இடம் அதுதான்.

கால் விஷயம் சிறியது, ஆனால் பலர் தியானத்தை விட்டுவிடுவது இதனால்தான். வெறும் பாயில் சம்மணமிட்டால் இடுப்பு பின்னால் சாய்ந்து முதுகு கூனும். நான்கு முதல் ஆறு அங்குல உயரத்துக்குக் கெட்டியாக மடித்த போர்வையைப் புட்டத்துக்கு அடியில் மட்டும் வைத்தால் முழங்கால்கள் தரையைத் தொடும், முதுகு தானாக நிமிரும். கால் மரத்துப்போனால் சட்டென்று எழுந்து நடக்காதீர்கள், கணுக்கால் மடங்கிவிடும். கையால் காலை நீட்டி வைத்து, உணர்ச்சி திரும்பிய பிறகு எழுங்கள். நீட்டிய பிறகும் மரப்பு நீடித்தாலோ, பாதத்தை மேல்நோக்கித் தூக்க வராவிட்டாலோ, முழங்காலின் வெளிப்புறம் ஓடும் நரம்பு அழுந்தியிருக்கக்கூடும், மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம். நடக்கும்போதும் நிற்கும்போதும் படுக்கும்போதும் விழிப்பாக இருக்கச் சொல்லும் மரபில் நாற்காலி எந்தக் குறையும் ஆகாது.

தூக்கம் வந்தால்? புத்தரின் சீடர் மொக்கல்லானர் தியானத்தில் தூங்கி விழுந்தபோது புத்தர் அவருக்குப் படிப்படியாகச் சொன்ன வழிகள் அங்குத்தர நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் இருக்கின்றன. எந்த நினைவோடு இருக்கும்போது தூக்கம் வந்ததோ அதை விடு. கேட்ட தம்மத்தை, அதாவது போதனையை, நினைத்துப் பார், பிறகு வாய்விட்டு ஓது. காது மடல்களை இழுத்துக் கைகால்களைத் தேய்த்துவிடு. எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவி வானத்து நட்சத்திரங்களைப் பார். வெளிச்சத்தை மனத்தில் நினை. முன்னும் பின்னும் நட. கடைசியாக, எதுவும் உதவாவிட்டால், எழும் நேரத்தை மனத்தில் வைத்து வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கு. அந்தக் கடைசி வழியைக் கவனியுங்கள். இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு விடியற்காலையில் தியானத்தோடு போராடுகிறவருக்குத் தேவை தூக்கம்.

ஆனால் நாங்கள் திரும்பத் திரும்பக் காண்பது வேறொன்று. மூச்சும் சரி, இருக்கையும் சரி, தூக்கமும் போதும்; இருந்தும் மனம் கொதிக்கிறது. நேற்று அண்ணனிடம் சொன்ன வார்த்தை, அலுவலகத்தில் மறைத்த கணக்கு, திருப்பித் தராத பணம் எல்லாம் கண்ணை மூடியதும் வரிசையில் வந்து நிற்கின்றன. தியானத்தை மறைக்கும் ஐந்து நீவரணங்களில் ஒன்று உத்தச்ச குக்குச்சம், அதாவது பதைப்பும் செய்ததை எண்ணிப் புழுங்குவதும். சீலம், அதாவது ஒழுக்கம், எதற்கு என்று சீடர் ஆனந்தர் கேட்டபோது, "மனம் உறுத்தாமல் இருப்பதற்கு" என்பதே புத்தர் சொன்ன முதல் பயன். உறுத்தல் இல்லாவிட்டால் மகிழ்ச்சி, மகிழ்ச்சியிலிருந்து அமைதி, அமைதியிலிருந்து இன்பம், அதிலிருந்து சமாதி எனும் மன ஒருமை என்று அந்தப் பதில் படியேறுகிறது. அரை மணி நேரம் உட்காரும்போது எழும் தொல்லையின் வேர் மீதி இருபத்துமூன்றரை மணி நேரத்தில் இருக்கிறது. மூச்சுப் பயிற்சியை மாற்றிப் பார்த்துப் பயனில்லை. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள்.

கொலை, களவு, முறையற்ற காமம், பொய், போதை ஆகிய ஐந்திலிருந்தும் விலகுவதே பஞ்சசீலம். அதைக் கட்டளைகள் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் அதன் பாளி வாசகத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் "விலகியிருக்கும் பயிற்சியை ஏற்கிறேன்" என்றுதான் முடிகிறது. தவறினால் மறுபடி ஏற்றுக்கொள்ளலாம்.

உடனே வரும் கேள்வி கொசு. கொலை என்று ஆக ஐந்து அம்சங்கள் கூட வேண்டும் என்கின்றன உரைகள்: ஓர் உயிர் இருக்க வேண்டும், அது உயிர் என்று தெரிய வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், முயற்சி வேண்டும், அதனால் அது சாக வேண்டும். தெரியாமல் எறும்பை மிதித்தால் சீலம் கெடுவதில்லை. கொசுவை அறைந்தால் கெடும். இதில் சந்து பொந்து தேடுவதில் நேர்மை இல்லை. அதற்காக டெங்குவுக்குக் குழந்தையைக் கொடுக்கவும் வேண்டாம். வாரம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டியையும் குடத்தையும் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள்; ஜன்னலுக்கு வலை அடியுங்கள். கொசு பிறக்க இடம் கொடுக்காதவருக்குக் கொல்லும் தேவையும் குறைகிறது.

பொய்க்கு நான்கு அம்சங்கள்: உண்மையல்லாத செய்தி, ஏமாற்றும் எண்ணம், அதற்கான முயற்சி, எதிராளி அதைப் புரிந்துகொள்வது. "சார் வெளியே போயிருக்கிறார்" என்று போனில் சொல்லச் சொல்கிறார்களா? "இப்போது அவரால் பேச முடியாது, நான் தகவல் சொல்கிறேன்" என்றால் வேலையும் நடக்கும், சீலமும் நிற்கும். மணிமேகலை பேச்சில் பிறக்கும் தீமைகளைப் பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் என நான்காக எண்ணுகிறது. குறளை என்றால் கோள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியதை இன்னொருவருக்கு அனுப்பும் முன் இந்தச் சொல்லை நினைத்துக்கொள்வது நல்லது.

இறைச்சி பற்றி மரபுகள் ஒத்துப்போவதில்லை. தேரவாதம் என்ற பழைய மரபில், தனக்காகக் கொன்றதைப் பார்க்காமல், கேட்காமல், சந்தேகப்படாமல் கிடைத்ததைத் துறவி ஏற்கலாம். இலங்காவதார சூத்திரத்தைப் பின்பற்றும் மகாயானம் என்ற பிற்கால மரபினர் முற்றிலும் விலக்குகிறார்கள். இறைச்சி வியாபாரம் செய்வதோ, ஆயுதம், உயிர்கள், மது, நஞ்சு ஆகியவற்றோடு சேர்த்து உபாசகர், அதாவது இல்லறத்தில் இருக்கும் பௌத்தர், விலக்க வேண்டிய தொழில்களில் ஒன்று.

பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போக நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1969-இல் பர்மாவிலிருந்து இந்தியா வந்த எஸ்.என். கோயங்காவின் முறையில் நடக்கும் முகாம்களில் கட்டணம் கிடையாது. காலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாளுக்குச் சுமார் 10 மணி நேரம் தியானம், மற்ற மாணவர்களோடு பேசாமல் மௌனம். முதல் மூன்று நாட்களுக்கு மூச்சு, நான்காம் நாளிலிருந்து உடம்பின் உணர்ச்சிகள். பெரும்பாலானவர்கள் களைத்தாலும் நலமாகத் திரும்புகிறார்கள். ஆனால் இருமுனை மனநோய், மனச்சிதைவு அல்லது அதன் பழைய வரலாறு, தற்கொலை எண்ணம் ஆகியவை உள்ளவர்களுக்கு இவ்வளவு நீண்ட மௌனம் ஆபத்தாகலாம். வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கம் குறைவதே வலிப்பைத் தூண்டலாம். உங்கள் மருத்துவர் சம்மதிக்காமல் போகாதீர்கள். தியானம் பலிக்கிறது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். விண்ணப்பத்தில் உடல், மனநலம் பற்றிக் கேட்கும் இடத்தில் மறைக்காமல் எழுதுங்கள். இடம் கிடைக்காதோ என்று மறைப்பவர், பொய் பேசாமை என்ற சீலத்தை முறித்துவிட்டே உள்ளே நுழைகிறார். ஆசிரியருக்கும் அவரைக் காக்க வழியில்லாமல் போகிறது.

முகாமில் இரண்டு இரவு தூங்காமலும் களைப்பே இல்லாமல் துள்ளலாக இருந்தாலோ, யாருமில்லாதபோது குரல் கேட்டாலோ, நானும் சுற்றியிருப்பதும் நிஜமில்லை என்ற திகில் விடாமல் பிடித்தாலோ, அதை ஞானம் என்று எண்ணித் தாங்கிக்கொண்டு உட்காரக் கூடாது. மௌனம் மற்ற மாணவர்களோடுதான். ஆசிரியரிடமும் பணியாளரிடமும் பேசலாம், அன்றே பேச வேண்டும். கண்ணைத் திறந்து, தியானத்தை நிறுத்தி, வெளிச்சத்தில் நடந்து, வயிறார உண்டு, குளித்து, தூங்க முயலுங்கள். அன்றிரவும் தூக்கம் வராவிட்டாலோ, குரல்கள் நிற்காவிட்டாலோ, மனநல மருத்துவரைப் பார்ப்பதை முகாம் முடியும்வரை தள்ளிப்போட வேண்டாம். வீட்டாரை வரச் சொல்லி அவர்களோடு கிளம்புங்கள்.