மறுரூபம்: சொல்லும் பொருளும்

'மறுரூப மலை அனுபவம்' என்று சபைகளில் அடிக்கடி சொல்வோம். உபவாசக் கூட்டத்திலோ முகாமிலோ கண்ணீரோடு ஆண்டவரைச் சந்தித்த நாளுக்கு அந்தப் பெயர். தம் சீஷர்களான பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரையும் அழைத்துக்கொண்டு இயேசு ஏறிய மலையில் அவர் முகம் சூரியனைப்போலப் பிரகாசித்ததே, அதிலிருந்து வந்த பேச்சு.

பிரித்தால் மறு + ரூபம். மறுநாள், மறுபிறப்பு என்பவற்றில் வரும் அதே 'மறு'. ரூபம் வடசொல், வடிவம் என்று பொருள். கிரேக்க மூலத்தில் உள்ள வினை 'மெட்டமார்ஃபோ'. 'மார்ஃபே' என்றால் வடிவம். புழு பட்டாம்பூச்சியாவதை உயிரியலில் 'மெட்டமார்ஃபாசிஸ்' என்கிறார்களே, அதற்கும் இதே வேர்தான்.

இந்த வினை புதிய ஏற்பாட்டில் நான்கே இடங்களில் வருகிறது. மத்தேயு 17:2, மாற்கு 9:2 இரண்டும் மலையில் நடந்தவை. மற்ற இரண்டு, ரோமர் 12:2-உம் 2 கொரிந்தியர் 3:18-உம், நம்மைப் பற்றியவை. இதைக் கவனித்த நாளிலிருந்து 'மறுரூப மலை அனுபவம்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம். மலையில் அன்று மறுரூபமானவர் இயேசு. சீஷர்கள் பார்த்தார்கள், பயந்தார்கள், பேதுரு மூன்று கூடாரம் போடலாம் என்றார், அவ்வளவுதான். அவர்கள் மாறவேண்டியது எல்லாம் இனிமேல்தான் இருந்தது. மறுநாள் கீழே இறங்கினால், நுரைதள்ளித் துடிக்கும் ஒரு பிள்ளையோடு அவன் தகப்பன் நிற்கிறான்.

ரோமரில் பவுல் இரண்டு சொற்களை எதிரெதிரே வைக்கிறார். 'இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்' என்பதில் உள்ளது 'ஸ்கேமா', வெளித்தோற்றம். அடுத்தது 'மறுரூபமாகுங்கள்'. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் ஸ்கேமாவுக்கு 'வேஷம்' என்று போட்டார்கள் பாருங்கள், அருமையான தேர்வு! வேஷத்தை ஒரே இரவில் மாற்றிவிடலாம். ஆனால் மறுரூபமாவதை இங்கே கிரேக்கம் தொடர்ந்து நடக்கும் வினையாக வைத்திருக்கிறது, அதுவும் செயப்பாட்டு வினையாக: 'மாற்றப்பட்டுக்கொண்டே இருங்கள்'. கொரிந்தியரில் தமிழும் 'மறுரூபப்படுகிறோம்' என்று அதைக் காப்பாற்றியிருக்கிறது.

கொரிந்தியரின் அதே அதிகாரத்தில், தேவனைச் சந்தித்துப் பிரகாசித்த தன் முகத்தில் மோசே முக்காடு போட்டுக்கொள்கிறார். ஒழிந்துபோகிற பிரகாசத்தின் முடிவை ஜனங்கள் பார்க்கக் கூடாதே என்று. முகாமில் ஆண்டவர் என்னைத் தொட்ட தேதியை வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதிவைத்து, மனம் வறண்டபோதெல்லாம் அந்தப் பக்கத்தையே புரட்டும் பழக்கம் எனக்கும் இருந்தது. அந்த நாளின் வெளிச்சம் திரும்பி வரவில்லை. அந்த 3:18 வசனமோ 'மகிமையின்மேல் மகிமை' என்கிறது. நேற்றைய வெளிச்சத்தைப் பத்திரப்படுத்தச் சொல்லவில்லை, இன்றைக்கும் கர்த்தரைப் பார்க்கச் சொல்கிறது.

சரி, இதற்கு நல்ல தமிழ் எது? கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த 'பொது மொழிபெயர்ப்பு' வேதாகமம் மலைக் காட்சிக்குத் 'தோற்றம் மாறினார்' என்கிறது. கத்தோலிக்கர் ஆகஸ்ட் 6-இல் கொண்டாடும் விழாவும் 'ஆண்டவரின் தோற்றமாற்றம்'தான். மலைக்கு அது பொருந்தும். நம் வாழ்க்கைக்குத் 'தோற்றம்' போதாது, மறுபடியும் வேஷத்தின் பக்கம் போய்விடும். 'உருமாற்றம்' நெருங்கி வருகிறது, அறிவியல் பாடத்தில் பழகிய சொல்லும்கூட. ஆனால் 'உருமாறுதல்' என்றால் நாமே மாறிக்கொள்வதுபோல் ஒலிக்கும். அதனால் நான் 'உருமாற்றம் பெறுதல்' என்றே எழுதுகிறேன். 'பெறுதல்' என்றதும் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார் என்பது சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.