தகைவு முறிவு

நெடுந்தூரம் ஓடிப் பழகும் ஒருவர் முன்பாதத்தில் வலி என்று மருத்துவரிடம் சென்றால், சில வேளைகளில் ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்’ என்ற சொல்லோடு வீடு திரும்புகிறார். திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் உண்டாகும் மெல்லிய விரிசலுக்கு அது பெயர். ‘ஸ்ட்ரெஸ்’ என்றதும் நமக்கு மன அழுத்தம் நினைவுக்கு வருவதால், இதை ‘மன அழுத்த முறிவு’ என்று பெயர்த்துவிடுவது எளிது. அது பெரும்பிழை, வலியோடு வாசிப்பவரை வேறெங்கோ கொண்டுபோய் விட்டுவிடும்.

‘ஃபிராக்சர்’ உடைத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘ஸ்ட்ரெஸ்’ஸின் வேரோ இறுகக் கட்டுதல் என்ற பொருளுடையது. 19ஆம் நூற்றாண்டுப் பொறியியலார், சுமை தாங்கும் பொருளின் உள்ளே ஓரலகுப் பரப்பில் எழும் விசைக்கு அதைப் பெயராக்கினர். மனத்தைச் சார்ந்த இன்றைய பொருள் பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். எலும்பைப் பற்றிப் பேசும்போது நமக்கு வேண்டியது பொறியியல் பொருளே. தமிழக இயற்பியல் பாடநூல்கள் அதைத் ‘தகைவு’ என்கின்றன; இலங்கை வழக்கு ‘தகைப்பு’. ‘தகைதல்’ என்பதற்குத் தடுத்தல், கட்டுதல் என்ற பொருள்கள் இருப்பதால், இலத்தீன் வேரோடும் அது வியப்பூட்டும் வகையில் ஒத்துப்போகிறது. ‘அழுத்தம்’ ஏற்கெனவே ‘பிரஷர்’ என்ற வேறோர் அளவைக் குறிப்பதால், ‘தகைவு முறிவு’ என்பதே செம்மையானது என்பேன்.

1855இல் பிராய்ட்ஹாப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர், நெடுநடைக்குப் பின் வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். எக்ஸ்ரே 1895இல் கண்டறியப்பட்ட பிறகே, அவ்வீக்கத்துக்குக் காரணம் பாத எலும்பில் விழுந்த விரிசல் என்பது புலப்பட்டது. ‘மார்ச் ஃபிராக்சர்’ என்ற பழைய பெயர் அப்படி வந்தது. ‘அணிநடை முறிவு’ எனலாம். கணுக்கால் எலும்புகளுக்கும் விரல்களுக்கும் இடையிலுள்ள ஐந்து நீள் எலும்புகளில் இரண்டாவதும் மூன்றாவதுமே இதற்கு அதிகம் ஆளாகின்றன. ஒரே அடியில் ஒடிவதன்று இது. எலும்பு தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் வேகத்தைவிடச் சுமை திரும்பத் திரும்ப விழும் வேகம் மிகும்போது, மெல்லிய விரிசல் பிறக்கிறது.

பேச்சில் இதைக் ‘கீறல்’ என்கிறோம். உருவத்தைச் சரியாகக் காட்டும் சொல்தான். ஆனால் கீறல்தானே என்று தொடர்ந்து ஓடி, எலும்பை முழுவதும் ஒடித்துக்கொள்பவர்களும் உண்டு. ஆகவே ‘முறிவு’ என்ற சொல்லைக் கைவிடக் கூடாது. முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம் என்பதால், எலும்பின் மேல் ஓரிடத்தை மட்டும் விரலால் தொட்டாலே வலிக்குமானால் ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்பதோடு நிறுத்திவிடக் கூடாது, எம்.ஆர்.ஐ. படம் அதை முன்கூட்டியே காட்டும். இரண்டாம், மூன்றாம் எலும்புகளின் நடுப்பகுதியில் விழுந்த விரிசல், ஓட்டத்தை நிறுத்தி, வளையாத அடியுடைய காலணி அணிந்தால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறிவிடும். ஐந்தாம் எலும்பில் கணுக்கால் பக்க முனைக்கு அருகே விழுந்தது அப்படியன்று. அங்கே குருதியோட்டம் குறைவாதலால், காலை ஊன்றாமல் மாவுக்கட்டில் வைத்திருக்கவோ திருகாணி பொருத்தவோ நேரும்.