அம்மாயியின் கேள்வியும் 25 வினாடியும்

போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் வெள்ளைச் சீலையொன்றைச் சுவரில் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் சந்திரப் பயணக் கதையான ‘அப்பல்லோ 13’ படம் போட்டோம். வெளியே அடைமழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் வசனம் பாதி கேட்கவில்லை. ஆட்கள் அந்தரத்தில் மிதக்கும் இடம் வந்ததும் பிள்ளைகளின் கூச்சல் நின்றுவிட்டது.

முடிந்தபின் இரண்டு கேள்விகள் வந்தன. உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “சேர், இப்படி உள்ளது உள்ளபடி படம் எடுத்தா, சனம் விண்வெளிக்குச் செலவழிக்கச் சரின்னு சொல்லுமா?” பக்கத்தில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மாயி கேட்டார்: “ஏன் மாஸ்டர், அங்க போனா பூமி நம்மள இழுக்காதா?”

அம்மாயியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் பிடித்த கேள்வி அதுதான்.

பூமி அங்கேயும் இழுக்கிறது, நன்றாகவே இழுக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் பறக்கும் உயரம் சுமார் 400 கிலோமீற்றர். அவ்வளவு உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, அதன் உச்சியில் கொழுந்துத் தராசைத் தொங்கவிட்டால், இங்கே 20 கிலோ காட்டும் கொழுந்து அங்கே ஏறத்தாழ பதினேழே முக்கால் கிலோ காட்டும். குறைவது இரண்டே கால் கிலோ. அதைவிடக் கூடுதலாக நம் மலைத் தராசுகள் கழித்ததுண்டு, அது வேறு கதை.

பிறகு ஏன் மிதக்கிறார்கள்? அம்மாயி நாற்பது வருடம் தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை சுமந்தவர். கூடையின் கனம் அவருக்கு எங்கே தெரியும்? கயிறு அழுத்தும் உச்சந்தலையில். பூமி கூடையை இழுக்கிறது, தலை அதை விழவிடாமல் தடுக்கிறது. அந்தத் தடுப்பைத்தான் உடம்பு கனம் என்று உணர்கிறது. கூடையோடு ஒரு கல்லணையிலிருந்து கீழே குதித்தால், கால் மண்ணைத் தொடும்வரை கயிறு தலையை அழுத்தாது. ஆளும் கூடையும் ஒரே வேகத்தில் விழுகின்றன. யாரும் யாரையும் தாங்கவில்லை, அதனால் கனமும் இல்லை.

ஹட்டன் பஸ்ஸில் கடைசி சீட்டுக்குப் பிள்ளைகள் அடிபடுவதும் இதற்காகத்தான். அந்த சீட் பின்சில்லுக்கும் பின்னால் இருப்பதால், ரோட்டில் ஒரு மேடு வந்தால் ஆளை எவ்வி எறிந்துவிடும். சீட்டைவிட்டுக் கிளம்பிய கணம் முதல் மறுபடி ‘தொப்’பென்று உட்காரும்வரை நாம் எறியப்பட்ட கல். வயிற்றுக்குள் என்னவோ மேலே ஏறுகிறதே, அதுதான் விண்வெளி. அரை வினாடிகூட நிலைக்காது.

அந்த அரை வினாடியை நீட்டினால்? அப்பல்லோ 13 படக்குழு அதைத்தான் செய்தது. நாசாவின் கேசி-135 விமானத்துக்குள் செட் போட்டார்கள். விமானம் ஏறத்தாழ 45 பாகை சாய்வில் மேலே பாயும். பிறகு காற்றின் தடையைச் சமாளிக்கும் அளவுக்கு மட்டும் எஞ்சினை வைத்துக்கொண்டு, எறிந்த கல் போகும் வளைவிலேயே விமானி அதை ஓட்டுவார். உள்ளே இருப்பவர்களும் அதே வளைவில் போகும் கற்கள். சுமார் 25 வினாடிக்குத் தரை யாரையும் தாங்காது. இதில் எனக்குத் தீராத ஆச்சரியம் ஒன்று உண்டு: மிதப்பது விமானம் இறங்கும்போது தொடங்குவதில்லை, அது இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கையைவிட்ட கல்லுக்கு, மேலே போகும்போதும் கனம் இல்லை. 25 வினாடி கழிந்து விமானம் நிமிரும்போது எல்லோர் கனமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இப்படி 600 தடவைக்கு மேல் பறந்து துண்டு துண்டாகப் படம் பிடித்தார்கள். மிதப்பதுபோல் நடிக்கவில்லை, உண்மையிலேயே விழுந்தார்கள்.

விண்வெளி நிலையம் விழுந்துகொண்டே இருப்பது எப்படி? சிவனொளிபாதமலை உச்சியிலிருந்து மேற்கே ஒரு கல்லை எறிவோம், மனதுக்குள் மட்டும், சாமி மலை. முதல் வினாடியில் கல் சுமார் 5 மீற்றர் விழும். பூமி உருண்டை என்பதால், 8 கிலோமீற்றர் தள்ளிப் போனால் தரையும் ஏறத்தாழ 5 மீற்றர் கீழே வளைந்திருக்கும். ஆகவே வினாடிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தால், கல் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு தரையும் விலகிப் போகும். காற்றை மறந்துவிட்டால், ஒன்பது வினாடியில் கொழும்பைத் தாண்டி, ஒன்றரை மணித்தியாலத்துக்குள் உலகைச் சுற்றி நம் முதுகுப்பக்கமாகத் திரும்பி வந்துவிடும். அதை எறிந்த இடத்தில் நிற்காமல் இருப்பது நல்லது. விண்வெளி நிலையமும் இப்படித்தான் 1998 முதல் விழுந்துகொண்டே இருக்கிறது.

இனி பேத்தியின் கேள்வி. படம் பணத்தைக் கொண்டுவந்த கதையொன்று உண்மையிலேயே உண்டு. 1929இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த நிலவுப் பயணப் படத்துக்கு ரொக்கெட் அறிஞர் ஹெர்மன் ஓபர்த் ஆலோசகர். படத்தின் விளம்பரத்துக்காக உண்மையான ரொக்கெட் ஒன்றைப் பறக்கவிட அவருக்குக் காசு கொடுத்தார்கள்; பறக்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் அவருடைய எஞ்சின் சோதனையில் உதவிக்கு நின்ற இளைஞர்களில் ஒருவர் வெர்னர் ஃபொன் பிரவுன். பிற்காலத்தில் மனிதரைச் சந்திரனுக்கு அனுப்பிய சாடர்ன் 5 அவருடைய தலைமையில் உருவானது. ரொக்கெட் கிளம்ப முன் எண்ணைத் தலைகீழாக எண்ணும் வழக்கமும் அந்தப் படத்தால்தான் பிரபலமாயிற்று.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். கொழும்பில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க் கதை எழுத்தில் பங்கெடுத்த ‘2001’ படம் வந்தது 1968இல். அத்தனை நுணுக்கமான விண்வெளிப் படம் அதற்கு முன் வந்ததில்லை என்பது என் கட்சி. ஆனால் நாசாவின் பங்கு 1966இல் அமெரிக்க அரச செலவில் நூற்றுக்கு நான்குக்கு மேல் ஏறி, அதன்பின் இறங்கத் தொடங்கியிருந்தது. படத்தால் அதை நிறுத்த முடியவில்லை. 1970இல் மூன்று சந்திரப் பயணங்களை இரத்துச் செய்தார்கள். இன்று அந்தப் பங்கு அரை வீதத்துக்கும் குறைவு. பணத்தைக் கொண்டுவந்தது சோவியத்தோடு இருந்த போட்டி. போட்டி தணிந்ததும் பணமும் தணிந்தது. படம் பார்ப்பவர் மனதில் ஆசை முளைக்கலாம், பட்ஜெட்டில் கையெழுத்துப் போடுபவர் அவரல்லவே.

‘கிராவிட்டி’ என்ற விண்வெளிப் படம் வந்த 2013இலேயே இந்தியாவின் மங்கள்யானும் கிளம்பியது. படத்துக்கு ஏறத்தாழ 10 கோடி டொலர், செவ்வாய்க்குப் போன கலத்துக்கு ஏறத்தாழ 7 கோடி 40 இலட்சம். 2023 ஓகஸ்டில் சந்திரயான் 3 தரையிறங்கியபோது, அதன் திட்டப் பணிப்பாளர் விழுப்புரத்து வீரமுத்துவேல் என்று தெரிந்ததும் எங்கள் பிள்ளைகள் காட்டிய உற்சாகத்தை எந்தப் படத்துக்கும் நான் கண்டதில்லை.

“லயத்துக் கூரை ஒழுகுது, ரொக்கெட் எதுக்கு?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கூரை ஒழுகுவதற்கு ரொக்கெட் காரணமில்லை. 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மழையில் மலை சரிந்ததைப் பார்த்த பிறகும், மழை மேகத்தை மேலிருந்து பார்க்கும் செய்மதியைப் பணக்காரர் விளையாட்டு என்பவரோடு நான் வாதாடுவதில்லை. நம் நாட்டின் முதல் ஆய்வுச் செய்மதி 2019இல் பறந்தது; ஒரு கிலோ சொச்சம் எடை, பெயர் இராவணா-1. அடுத்த வருடமே இராவணனின் விமானம் பற்றிய பழைய ஏடுகள் கேட்டு அரச விளம்பரம் வந்தது. தேடுகிற காசில் இன்னொரு செய்மதி செய்திருக்கலாம்.

நான் சொன்ன எதையும் அம்மாயி அன்று நம்பவில்லை. மறுநாள் மழை விட்டதும், ஒரு பிளாஸ்டிக் போத்தலின் அடிப்பக்கத்தில் ஆணியால் துளைபோட்டு, நீர் நிரப்பி, மூடியைத் திறந்துவிட்டுப் பேத்தியை வாசிகசாலை மேற்படியில் நிறுத்தினேன். துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. “விடு” என்றேன். போத்தல் விழுந்த அந்த அரை வினாடி, தண்ணீர் வெளியே வரவில்லை.

“இன்னொருக்கா போடு,” என்றார் அம்மாயி.