15 வோல்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள்: டிசிசி மாடல் ரயிலில் அரைகுறை ஷார்ட்

பழைய டிசி கன்ட்ரோலரில் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் தண்டவாளத்தில் மின்சாரம் இருக்காது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசியில் (DCC) அப்படியில்லை. எல்லா எஞ்சினும் நின்றுகொண்டிருந்தாலும் தண்டவாளத்தில் சுமார் 15 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். எந்த எஞ்சின் நகர வேண்டும், எவ்வளவு வேகம் என்ற கட்டளையும் அதே மின்சாரத்தில்தான் போகிறது. தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் 5 ஆம்பியர் என்றால் 75 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால் பலர் இதை விளையாட்டுச் சாமானாகவே நினைத்து வயரிங் செய்கிறார்கள்.

தண்டவாளத்தில் ஸ்க்ரூடிரைவர் விழுந்தால் பயமில்லை, பூஸ்டர் உடனே ட்ரிப் ஆகிவிடும். சிக்கல் அரைகுறை ஷார்ட்டில். பூஸ்டரிலிருந்து போய்த் திரும்பும் வழியில் மொத்தத் தடை 3 ஓமைத் தாண்டினால், எஞ்சின் தடம் புரண்டு இரண்டு தண்டவாளத்தையும் இணைத்தாலும் 5 ஆம்பியருக்குக் குறைவாகத்தான் ஓடும். நாலைந்து வண்டி ஓடுகிறது என்று பூஸ்டர் சும்மா இருந்துவிடும். அந்த வாட் முழுவதும் மெல்லிய வயரிலும், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தளர்ந்த ஜாயினரிலும், புரண்ட சக்கரத்திலும் சூடாக இறங்கும். முதலில் ஸ்லீப்பர் பிளாஸ்டிக் உருகும், பிறகு போகியின் அடிப்பாகம்.

அந்த 3 ஓம் சேர்வதற்கு நம் பக்கம் காரணங்கள் அதிகம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் காற்று தென்காசியிலிருந்து கயத்தாறு வரை புழுதியை வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. திருச்செந்தூர், தூத்துக்குடி பக்கம் உப்புக் காற்று ஜாயினரை அரிக்கிறது. எனவே ஜாயினரை மின் இணைப்பாகவே கணக்கில் எடுக்காதீர்கள். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரைப் பலகைக்கு அடியில் பஸ்ஸாக, அதாவது முதன்மை வயராக, ஓட்டுங்கள். அதிலிருந்து ஒரு மீட்டருக்கு ஒரு ஜோடி வீதம் 0.5 ஸ்கொயர் எம்எம் கிளை வயரை (ஃபீடர்) தண்டவாளத்தில் சால்டர் செய்யுங்கள். ஃபீடர் ஒரு சாணுக்கு மேல் நீளக் கூடாது. துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். உப்புத்தாள் போட்டால் கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

வயரிங் முடிந்ததும் ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்தின் மீதும் படும்படி வையுங்கள். தடம் பிரியும் ஒவ்வொரு பாயின்ட்டிலும், ஒவ்வொரு சைடிங் (பக்கத் தடம்) முனையிலும், பூஸ்டரிலிருந்து மிகத் தொலைவான இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். வைத்தவுடன் ட்ரிப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் உடனே எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குப் புதிய ஃபீடர் போடுங்கள். எஞ்சின் நன்றாக ஓடுகிறதே என்பது சான்றாகாது. ஓடும் எஞ்சின் அரை ஆம்பியர்கூட எடுப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, ஆடிக் காற்று அடங்கியபின், இதைத் திரும்பச் செய்வது நல்லது.

நாகர்கோவில் முக்கோணத்தை மாடலாகச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. திருநெல்வேலிப் பாதை, திருவனந்தபுரம் பாதை, ஜங்ஷனைத் தொடாமல் டவுன் ஸ்டேஷன் வழியாக இரண்டையும் சேர்க்கும் இணைப்பு என்று மூன்று பக்கமும் கூடும் இடத்தில் வலது தண்டவாளம் இடது தண்டவாளத்தையே போய்த் தொடும். டிசிசிக்கு அது நேரடி ஷார்ட். ஒரு பக்கத்தை இரண்டு முனையிலும், இரண்டு தண்டவாளத்திலும் வெட்டி, ஷார்ட்டைக் கண்டதும் முனைகளைத் தானே மாற்றும் ஆட்டோ ரிவர்சர் வழியாக மின்சாரம் கொடுங்கள். வெட்டிய பகுதி உங்கள் மிக நீண்ட வண்டியைவிட நீளமாக இருக்க வேண்டும். ரிவர்சர் ட்ரிப் ஆகும் அளவு பூஸ்டரைவிடக் குறைவாக இருந்தால்தான் அது முந்திக்கொண்டு மாற்றும்.

அர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகையில் டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு மலிவாகச் செய்பவர்கள் பெருகிவருகிறார்கள், நல்ல வழிதான். ஆனால் 15 வோல்ட் கொடுக்கும் முன் அதன்மேல் செருகும் மோட்டார் ஷீல்டு பலகையின் அடியில், மெகாவுக்கு மின்சாரம் கடத்தும் விஐஎன் (VIN) இணைப்பை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் அந்த வோல்ட்டேஜ் மெகா பலகைக்குள்ளும் ஏறி ரெகுலேட்டரைச் சுட்டுவிடும். வீட்டில் கிடக்கும் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை ‘என்’ (N) கேஜ் என்ற சிறிய அளவு எஞ்சின்களுக்கு வைக்கவே வேண்டாம்.

பழைய எஞ்சினில், கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் டிகோடரைப் பொருத்தும் முன் மோட்டாரின் இரண்டு முனைகளையும் சக்கரங்களோடும் சேஸிஸோடும் மல்டிமீட்டரில் பாருங்கள். எங்காவது பீப் சத்தம் வந்தால், அந்த இணைப்பைப் பிரிக்காமல் டிகோடரைத் தொடாதீர்கள். ஆரஞ்சு, சாம்பல் வயர்கள் மோட்டாருக்கு; சிவப்பு, கருப்பு தண்டவாளத்துக்கு. 12 வோல்ட்டில் மோட்டாரைக் கையால் பிடித்து நிறுத்தினால் எடுக்கும் ஆம்பியர், டிகோடர் தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். முதல் மின்சாரம், டிகோடரில் அமைப்புகளை எழுதும் தனித் தடமான புரோகிராமிங் டிராக்கில்தான். அங்கே கரண்ட் குறைவாக இருப்பதால், தவறு இருந்தாலும் டிகோடர் பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

புதிய டிகோடர் எல்லாவற்றுக்கும் முகவரி 3 என்றுதான் வரும். முகவரியை வைத்திருக்கும் டிகோடர் அமைப்பான சிவி (CV) 1-இல் மாற்றாமல் இரண்டு எஞ்சினைத் தண்டவாளத்தில் ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். அது பழுதல்ல, கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.