“ஓடவே இல்லையே, அண்ணா!” – பழைய டுகாட்டியும் அதன் டைமிங் பெல்ட்டும்

சென்ற வாரம் டாடா ஏஸ் ஒன்றில் கயிறு கட்டி என் பட்டறைக்கு வந்து இறங்கியது டுகாட்டி மான்ஸ்டர் 696 என்ற இத்தாலிய பைக். 2009-ஆம் ஆண்டு வண்டி, மீட்டரில் 14,200 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நந்தி மலைக்குக் கிளம்பியவர், தேவனஹள்ளியை நெருங்கும்போது கீழே ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டதாகவும், உடனே எஞ்சின் நின்றுவிட்டதாகவும் சொன்னார். பெட்ரோல் அடைப்பாக இருக்கும் என்று நினைத்துச் சாலையோரத்திலேயே ஐந்தாறு முறை செல்ஃப் அடித்துப் பார்த்திருக்கிறார். பெல்ட் கவரைக் கழற்றினேன். இரண்டு சிலிண்டர்களில் செங்குத்தாக நிற்கும் சிலிண்டரின் டைமிங் பெல்ட்டில், அதாவது வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடச் செய்யும் பல் வைத்த பெல்ட்டில், ஒரு விரல் நீளத்துக்குப் பல்லே இல்லை. உதிர்ந்த பற்கள் கவரின் அடியில் கருப்புத் துண்டுகளாகக் கிடந்தன. ஹெட்டைத் தூக்கியபோது பிஸ்டனின் தலையில் வால்வு மோதிய தழும்பு பிறை வடிவில் பளபளத்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த இளைஞர் சொன்ன முதல் வார்த்தை, “ஓடவே இல்லையே, அண்ணா! வாங்கி மூணு வருஷத்துல ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டலையே!” என்பதுதான்.

இந்த ஆண்டில் இதே வார்த்தையை இதே இடத்தில் நின்று சொன்ன மூன்றாவது நபர் அவர். மூன்று வண்டிகளுமே குறைவாக ஓடியவை, துடைத்து மினுக்கி உறை போட்டு வைக்கப்பட்டவை, உயிராக நேசிக்கப்பட்டவை. கவனமில்லாமல் ஓட்டிக் கெடுத்த வண்டி என்றால் இவ்வளவு வருத்தம் இருக்காது. பத்திரமாக வைத்திருந்த காரணத்தாலேயே எஞ்சின் அடிபட்டுப் போவதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

‘ஓடாத வண்டி தேயாது’ என்ற நம்பிக்கை நம் ஊரில் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. பெங்களூரில் என் வயதுக்காரர்கள் மைசூரில் தயாரான ஜாவாவிலும் யெஸ்டியிலும், பிறகு ஆர்எக்ஸ் 100-லும் கை பழகியவர்கள். பத்து வருடம் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த யெஸ்டியை வெளியே இழுத்து, பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைக் கழுவி, பிளக்கைத் துடைத்து உதைத்தால் இரண்டாவது உதையில் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பும். அது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் வால்வும் இல்லை, வால்வைத் திறந்து மூடும் கேமும் இல்லை, காலம் தவறினால் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள எதுவும் இல்லை. அடுத்து வந்த ஸ்ப்ளெண்டரில் வால்வு உண்டு என்றாலும், கேமைச் சுழற்றுவது எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும் இரும்புச் செயின். அது நீண்டால் சத்தம் போட்டு எச்சரிக்கும். அந்த அனுபவத்தை அப்படியே டுகாட்டியின் மேல் ஏற்றி வைப்பதுதான் தவறு.

1970-களின் இறுதியில் ஃபாபியோ தாலியோனி வடிவமைத்த பாந்தா எஞ்சின் வந்த நாளிலிருந்து, மான்ஸ்டர், சூப்பர்ஸ்போர்ட், 916, மல்டிஸ்ட்ராடா என்று நம் நாட்டுச் சாலைகளில் பார்க்கும் பழைய இரட்டை சிலிண்டர் டுகாட்டிகள் எல்லாவற்றிலும் கேம்களைச் சுழற்றுவது பல் வைத்த ரப்பர் பெல்ட். ஒரு சிலிண்டருக்கு ஒன்று என இரண்டு. அதற்கு முன்பிருந்த எஞ்சின்களில் பற்சக்கரமும் தண்டும் இருந்தன. 1199 பனிகாலேயில் செயின் வந்துவிட்டது. இடைப்பட்ட முப்பது ஆண்டுக் காலத்து வண்டிகளைத்தான் நம் ஊர்க்காரர்கள் இன்று செகண்ட் ஹேண்டில் ஆசையாகத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது. தயாரான நாளிலிருந்து அது இறுகிக்கொண்டுதான் போகும், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். சொல்லப்போனால் ஓடாமல் நிற்கும் வண்டியில் பெல்ட்டின் பாடு இன்னும் மோசம். புல்லியைச் சுற்றி வளைந்த இடம் மாதக்கணக்கில் அதே வளைவில் நின்று இறுகிவிடும். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ஸ்டார்ட்டர் அதை ஒரே வெட்டில் இழுக்கும்போது, பல்லின் அடியிலுள்ள துணி இழைதான் முதலில் விட்டுக்கொடுக்கிறது. கழற்றிய பெல்ட்டை நீங்களே கையில் எடுத்துப் பின்பக்கமாக மடித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் புதிது போலவே இருக்கும். பல்லும் பல்லும் சேரும் பள்ளத்தில் நகத்தால் கீறியதுபோல் மெல்லிய வெடிப்புகள் தெரியும். கவர் மூடியிருக்கும்போது இதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. காதாலும் கேட்க முடியாது, ஏனென்றால் ரப்பர் பெல்ட் அறுகிற நிமிடம் வரை ஒரு முனகலும் இல்லாமல் ஓடும்.

பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும் என்பதற்குப் பழைய மாடல்களின் கையேட்டில் பெரும்பாலும் 20,000 கிலோமீட்டர் அல்லது 2 ஆண்டு என்று போட்டிருக்கும். பின்னால் வந்த சில மாடல்களுக்கு 5 ஆண்டு வரை நீட்டித்திருக்கிறார்கள். உங்கள் வண்டிக்கு எது என்று அந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள். ஆனால் எந்தக் கையேடானாலும் அந்த இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் ‘எது முதலில் வருகிறதோ அது’ என்று ஒரு சிறு வரி இருக்கும். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் எண்ணைப் படிக்கிறார்கள், இந்த வரியைப் படிப்பதில்லை. வாரநாளில் ஆபீஸ் கேப்பில் போய், மாதத்தில் ஒரு ஞாயிறு நந்தி மலைக்கோ லேபாட்சிக்கோ போய் வரும் வண்டிக்கு 20,000 கிலோமீட்டர் ஆகப் பத்து வருடம் பிடிக்கும். அவர்களுக்கு முதலில் வருவது ஆண்டுக் கணக்குதான், எப்போதும் அதுதான். இரண்டு ஆண்டில் 1,500 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். 150 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். பெல்ட் இன்னும் நன்றாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கும்போது கழற்றுவதற்குத்தான் அந்தக் கணக்கே வைத்திருக்கிறார்கள். ஒரு ஜோடி பெல்ட்டின் விலை உங்களுக்குப் பெரிதாகத் தெரியலாம். வால்வுகள் வளைந்து, கைடு விரிந்து, பிஸ்டனும் அடிபட்ட ஒரு சிலிண்டரைச் சீராக்கும் செலவில் அது ஒரு சிறு துண்டு. உதிரிபாகம் இத்தாலியிலிருந்து வர வேண்டியிருந்தால் மாதக்கணக்கில் வண்டி பட்டறையில் நிற்கும்.

“வாரத்துக்கு ஒருமுறை பேஸ்மென்ட்ல அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேனே” என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து இதை நிறுத்திவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் எண்ணெய் சூடேறாது. எஞ்சினுக்குள் சேரும் ஈரம் ஆவியாகி வெளியேறாமல் எண்ணெயோடு கலந்து நிற்கும். செல்ஃப் அடித்துச் செலவான மின்சாரம்கூட பேட்டரிக்குத் திரும்பாது. ஒன்று, முக்கால் மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். இல்லையென்றால் பேட்டரியில் டெண்டர் சார்ஜரை (பேட்டரி இறங்காமல் மெல்லப் பார்த்துக்கொள்ளும் சார்ஜர்) மாட்டிவிட்டு வண்டியைத் தூங்க விடுங்கள். (பேஸ்மென்டில் நிற்கும் வண்டிகளின் ஏர்பாக்ஸில் எலி கூடு கட்டியிருப்பதை நான் பலமுறை எடுத்திருக்கிறேன். வயரிங்கையும் அது விட்டுவைப்பதில்லை. மாதம் ஒருமுறை சீட்டைத் தூக்கிப் பார்ப்பது நல்லது.)

தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. கார் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் பழக்கத்தில் இதை முறுக்கிவிடாதீர்கள். அதிகமாக இறுகினால் டென்ஷனர் பேரிங் போகும், தளர்ந்தால் பல் தாண்டும். பெல்ட்டைத் தந்தி போல் விரலால் சுண்டி, அதன் அதிர்வைப் போனின் மைக்கில் அளக்கும் முறை எளிது. அந்த எஞ்சினுக்கு உரிய ஹெர்ட்ஸ் கணக்கை வைத்துக்கொண்டு செய்யுங்கள். ரோலரைக் கையில் சுழற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போல் இருந்தால் பெல்ட்டோடு சேர்த்து அதையும் மாற்றிவிடுங்கள்.

இனி அலங்காரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதே பெல்ட்டை வேறு வழியில் கெடுப்பவர்களும் இருக்கிறார்கள். பெல்ட் சுழல்வது வெளியே தெரியும்படி துளையிட்ட கார்பன் கவரை ஆன்லைனில் வாங்கி மாட்டுகிறார்கள். பந்தயத் தடத்தில், ஓட்டத்துக்கு ஓட்டம் பெல்ட் மாற்றும் இடத்தில் அது இருக்கலாம். மெட்ரோவுக்குத் தோண்டிய அவுட்டர் ரிங் ரோட்டில் அது எதற்கு? படுத்த சிலிண்டரின் பெல்ட் முன் சக்கரத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது. டயர் அள்ளி வீசும் ஜல்லித்துகள் நேராக அங்கேதான் போகும். பல்லுக்கும் புல்லிக்கும் நடுவில் மாட்டிய ஒரு சிறு கல் போதும். கம்பெனி கொடுத்த மூடிய கவரை எடுத்து மாட்டுங்கள். டிரை கிளட்ச் (எண்ணெயில் ஊறாமல் உலர்ந்தே சுழலும் கிளட்ச்) உள்ள பழைய மான்ஸ்டரில் திறந்த கிளட்ச் கவர் போட்டு அந்தக் கலகலச் சத்தத்தை ரசிப்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. பிளேட்டுகள் சீக்கிரம் தேயும், மழையில் கிளட்ச் பிடிவாதம் பண்ணும், அவ்வளவுதான்; உயிருக்கோ எஞ்சினுக்கோ ஆபத்து இல்லை.

கூடுதல் விளக்குகள் அப்படி அல்ல. பழைய டுகாட்டிகளின் பலவீனமான இடம் பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து அதற்கு வரும் மூன்று மஞ்சள் வயர்களின் கனெக்டரும்தான். 1990-களின் கடைசி முதல் பல மாடல்களில் ஆல்டர்னேட்டர் 520 வாட் என்று எழுதியிருக்கும். அது எஞ்சின் வேகமாகச் சுழலும்போது கிடைப்பது. சில்க் போர்டு சிக்னலில் விசிறி சுற்ற, பிரேக் லைட் எரிய, ஐடிலில் நிற்கும்போது கிடைப்பது அதில் கொஞ்சம்தான். அதன் மேல் 55 வாட் ஃபாக் லேம்ப் இரண்டு, போன் சார்ஜர், அலாரம் என்று ஏற்றினால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். அந்த மஞ்சள் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் அது உருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெட்டி எறிந்துவிட்டு நல்ல கனெக்டர் போடுங்கள், விளக்கு வேண்டுமென்றால் ரிலே வைத்து எல்இடி போடுங்கள், ஹெட்லைட் வயரில் ஒட்டுப் போடாதீர்கள்.

கடைசியாகப் பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று அறிமுகமானதே இந்தப் பெங்களூரில்தான். இப்போது பங்கில் சாதாரணமாகக் கிடைப்பது அதுதான். 696, 796, 1100, ஸ்போர்ட் கிளாசிக் போன்றவற்றின் பெட்ரோல் டேங்க் பிளாஸ்டிக். எத்தனாலையும் அது இழுத்துவரும் ஈரத்தையும் குடித்து அந்தப் பிளாஸ்டிக் உப்பும். டேங்கைக் கழற்றிய பிறகு போல்ட்டுத் துளைகள் நேராக வரவில்லை என்றால் காரணம் இதுதான். சுத்தியலால் தட்டிப் பொருத்தப் பார்க்க வேண்டாம். வடித்து, மூடியைத் திறந்து சில வாரங்கள் உலர விட்டால் ஓரளவு சுருங்கும். மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் பிளாஸ்டிக் டேங்கைக் காலியாகவே வையுங்கள். இரும்பு டேங்க் என்றால் நேர்மாறு; கழுத்து வரை நிரப்பி வைத்தால்தான் உள்ளே துரு பிடிக்காது.

இதில் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. கார்புரேட்டருக்குப் பதிலாக ஃப்யூவல் இன்ஜெக்ஷன் உள்ள மான்ஸ்டர்களில் டேங்குக்கு அடியில் பெட்ரோல் ஹோஸைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்புகள் இருக்கும். வயதான பிளாஸ்டிக் வெடித்து, அழுத்தத்தோடு பீறிடும் பெட்ரோல் சூடான பின் சிலிண்டரின் மேல் விழும். உங்கள் தொடைகள் அதற்கு நேர் மேலே இருக்கும். உலோக இணைப்புகள் கிடைக்கின்றன. பெல்ட்டுக்குப் பணம் சேர்க்கிறீர்கள் என்றால் அதற்கு முன் இதை மாற்றுங்கள்.

மோட்டோ குஸ்ஸி வைத்திருப்பவர்கள் இவ்வளவு பயப்பட வேண்டாம். அதன் பெரும்பாலான மாடல்களில் டைமிங் பெல்ட் இல்லை. வால்வு இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து வீட்டிலேயே பார்த்துவிடலாம். பின் சக்கர டிரைவ் பெட்டியின் எண்ணெயை மட்டும் மறந்துவிடாதீர்கள், எல்லோரும் அதைத்தான் மறக்கிறார்கள். பிரேக் ஃப்ளூயிட், கிளட்ச் ஃப்ளூயிட், டயர் மூன்றும் எந்த வண்டியானாலும் ஆண்டுக் கணக்குதான். டயரின் பக்கவாட்டில் 3216 என்று இருந்தால் 2016-இன் 32-ஆவது வாரம் என்று அர்த்தம். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது பழைய டயர்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது, விற்பவர் “பெல்ட் மாத்தியாச்சு” என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த இளைஞரிடமும் அப்படித்தான் சொல்லி விற்றிருக்கிறார்கள். நான் கழற்றிய பெல்ட்டில் அழியாமல் இருந்த அச்சுத் தேதி அவர் வண்டியை வாங்கியதற்கு ஆறு ஆண்டு முந்தியது. நான் மாற்றும் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் கவரின் உள்பக்கம் வெள்ளை மார்க்கரால் மாதமும் வருடமும் எழுதி வைக்கிறேன், வண்டி கை மாறினாலும் அந்தத் தேதி கூடவே போகும் என்பதற்காக.

உங்கள் வண்டியின் பெல்ட்டுக்கு எத்தனை வயது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால், சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டாம், பட்டறை வரைக்கும் மெதுவாக ஓட்டி வருகிறேன் என்றும் சொல்ல வேண்டாம். டாடா ஏஸில் ஏற்றிக் கொண்டு வாருங்கள்.