அதே 100 மீட்டர், மூன்று முடிவு

சாலையின் நிலையைப் பதிவு செய்ய இரண்டு பேரைத் தனித்தனியாக அனுப்பிப் பாருங்கள். படுமோசமான இடத்திலும் புதுத் தார் போட்ட இடத்திலும் ஒத்துப்போவார்கள். தகராறு நடுவில்தான். ஒருவர் 'சுமார்' என்று எழுதியதை இன்னொருவர் 'நல்ல நிலை' என்பார். அனுபவம் போதாது என்று சொல்லிவிடுகிறோம். நான் பார்த்தவரை, பரப்பைக் கணக்கிடும் விதத்தில்தான் பெரும்பாலும் கோளாறு.

ஒரு தடம்: 100 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், ஆக 350 சதுர மீட்டர். சக்கரம் ஓடும் பக்கத்தில் அரை மீட்டர் அகலத்துக்கு, 40 மீட்டர் தூரம், முதலைத்தோல் போல வெடிப்பு. டேப் பிடித்தால் 20 சதுர மீட்டர், 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐஆர்சி) சாலைப் பராமரிப்பு விதித்தொகுப்பான ஐஆர்சி 82-இன்படி நெடுஞ்சாலையில் வெடிப்பு 5 சதவீதத்துக்குள் என்றால் நல்லது, 10-ஐத் தாண்டினால் மோசம்; எனவே இது சுமார். தடத்தின் முழு அகலத்தையும் சேர்ப்பவருக்கு அதுவே 40 சதவீதம். மெல்லியதாக முடியும் கடைசி 10 மீட்டரை விட்டுவிடுபவருக்கு 4.3, நல்ல சாலை!

வெளிச்சமும் ஏமாற்றும். உச்சி வெயிலில் மயிரிழை வெடிப்பு கண்ணில் படாது. மழை விட்டு ரோடு காயும்போது மேற்பரப்பு வெளுத்து, வெடிப்பில் மட்டும் ஈரம் நின்று கறுப்புக் கோடாகத் தெரியும்.

ஜீப்பில் போகிறவர் உடம்பால் மதிப்பிடுகிறார், நடப்பவர் கண்ணால். அமெரிக்காவின் இல்லினாயில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ (அந்நாட்டு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனையில், சாலைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போட ஒருவரை நம்பாமல் குழுவின் சராசரியை எடுத்தார்கள். அதை அளவுகளோடு பொருத்தியபோது மேடுபள்ளத்தின் பங்கே பெரிது. வெடிப்புக்கும் ஒட்டுப்போட்ட இடத்துக்கும் சொற்பம். வண்டியில் போனவர்களின் தீர்ப்பு வேறெப்படி இருக்கும்?

அதனால் ஆய்வு தொடங்குமுன் குழு முழுவதும் ஒரே 100 மீட்டரை நடந்து, பேசாமல் தனித்தனியாக எழுதி, அப்புறம் ஒப்பிட்டுச் சண்டை போடட்டும். மூத்தவர் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் எல்லார் எண்ணும் அவருடையதாகிவிடும். சில நாள் கழித்து, பழைய தாளைக் காட்டாமல் அதே இடத்தை மறுபடி மதிப்பிடச் சொல்லுங்கள். தன்னோடு தானே ஒத்துப்போகாதவர்களும் உண்டு.

கேமரா வண்டி வந்தால் இந்தத் தொல்லை இல்லை என்கிறார்கள். வேகமாகப் பதிவு செய்யும், சரி. படத்தில் வெடிப்பைச் சுற்றிக் கட்டம் போட்டுக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பவரும் மனிதர்தானே? அரை மீட்டரா, முழுத் தடமா என்பதை அவருக்கும் எழுதித் தர வேண்டும்.